உமி ஒட்டாத மூன்று பட்டை

அடைக்கப்பன் செட்டியாரின் கார் அந்தப் பங்குனியில் மூன்றாவது தடவையாகக் கொதித்தபோது, மானத்தை வாங்குவதற்கென்றே ஓர் இடத்தைத் தேடிப் பிடித்து நின்றது. ரங்கூன் சூலே பகோடாவுக்கு எதிரே, டிராம் தண்டவாளத்துக்கு ஒரு முழம் தள்ளி, திங்கட்கிழமை பகல் பதினொரு மணிக்கு. ராடியேட்டர் மூடியின் இடுக்கில் ஆவி சீறியது. பித்தளை முகப்பில் வெந்நீர் வழிந்து இரண்டு மட்கார்டுகளிலும் சொட்டியது. பின்னால் வந்த டிராம்காரன் மணியை அடித்துக்கொண்டே இருந்தான். லஞ்சா என்கிற கைரிக்ஷாவை இழுக்கிறவர்கள் நாலைந்து பேர் வண்டியைச் சாய்த்து வைத்துவிட்டு வேடிக்கை பார்க்க வந்தார்கள். உலை கொதித்துவிட்டதே, அரிசி கொண்டு வரட்டுமா என்று அவர்களில் ஒருவன் கேட்டான்.

செட்டியார் குடையை எடுத்துக்கொண்டு இறங்கினார். அரிசி கேட்டானே, அவனுடைய லஞ்சாவிலேயே ஏறி உட்கார்ந்து போய்விட்டார். அவர் திட்டியிருந்தால் டிரைவர் அப்பாசாமிக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அப்பாசாமி லேசுப்பட்ட டிரைவர் இல்லை. ஆற்றில் ஓடிய ஸ்டீம் லாஞ்சில் கரி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தவன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாலில் இந்தக் கார் கப்பலிலிருந்து இறங்கியபோது, என்ஜின் சத்தம் கேட்டே கோளாறு சொல்கிறானாமே என்று செட்டியார் அவனைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டார். பன்னிரண்டு வருஷம் ஓடிவிட்டது. காக்கிக் கோட்டின் பித்தளைப் பொத்தான்களையும் காரின் பித்தளையையும் ஒரே புளியில் தேய்த்துப் பளபளவென்று வைத்திருப்பான். ரோட்டோரம் நிறுத்தியிருக்கும்போது யாராவது நின்று பார்த்தால், காரை மறைக்காமல் ஒதுங்கி நிற்பான். தானும் பார்வையில் படுகிற அளவுக்குத்தான் ஒதுங்குவான். வேறொரு ஆள் அதன் மேல் கை வைத்தால் அவனுக்குப் பிடிக்காது. கார் அவனுடையதல்ல என்பது ரங்கூனில் அவனைத் தவிர எல்லாருக்கும் தெரியும்.

அவனுடைய வீடு போட்டாதாங்கில், ஜெட்டிக்குப் பின்னாலிருந்த அரிசிக் குடோன்களின் வரிசையில், கார் கொட்டகையின் மேல் மச்சு. கீழே கார், மேலே அப்பாசாமியும் பெண்டாட்டி பவுனம்மாளும். பிள்ளை குட்டி இல்லை. பவுனம்மாள் புசுண்டாங் அரிசி மில்லில் பதினைந்து வருஷம் சல்லடைப் பகுதியில் நின்றவள். மில் மூடிய பிறகு குடோனில் சாக்குத் தைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அந்தக் காரில் ஒரு பாத்தியதை உண்டு. வெள்ளிக்கிழமை தவறாமல் அதன் முகத்துக்குச் சந்தனப் பட்டை போடுவது அவள்தான். முகப்பில் தேன்கூடு மாதிரி ஆயிரம் கண்ணோடு இருக்கும் ராடியேட்டரின் மேல், விரல் மூன்றையும் அகட்டி வைத்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே இழுப்பில் மூன்று பட்டை. நடுவில் தாம்பாளம் அளவுக்குக் குங்குமப் பொட்டு. முருகன் கோயில் வாசலில் அந்தக் கார் போய் நின்றால் உள்ளே போகிறவர்கள் அதையும் ஒரு தரம் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். சனிக்கிழமை காலையில் அப்பாசாமி ஈரத் துணியால் அதை அழுத்தித் துடைத்துவிட்டுப் புளி போட்டுத் தேய்ப்பான்.

செவ்வாய்க்கிழமை செட்டியார் சொல்லிப் பெரிய கராஜுக்குக் காரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அங்கே தலைமை மேஸ்திரி பர்கத்துல்லா பாய். கீழக்கரை மனிதர், தாடியில் எண்ணெய்க் கறை படாமல் என்ஜினுக்குள் தலை விடத் தெரிந்தவர். ஒன்றரை நாள் பார்த்தார். ராடியேட்டரைக் கழற்றி, மேலே தண்ணீரை ஊற்றி, அடியில் சிற்றருவிபோல் கொட்டுவதை எல்லாருக்கும் காட்டினார். தண்ணீர் போகிற வழியில் குற்றமில்லை, ஆகையால் குற்றம் என்ஜினில் என்றார். சிலிண்டருக்குள் வயதாகிவிட்டது, தேய்ந்த உலோகம் சூட்டைத் தாங்காது, இனிமேல் இதை நம்பித் தூரம் போகக் கூடாது என்று செட்டியாரிடம் மரியாதையாகச் சொன்னார். அப்பாசாமியிடமும் தனியாக வந்து, மனசை விட்டுவிடாதே, உன் பராமரிப்பில் குறையில்லை, வண்டிக்குக் காலம் முடிந்துவிட்டது என்றார். ஆறுதல்தான் சொன்னார். அப்பாசாமிக்கு அது செருப்பால் அடித்ததைப் போலிருந்தது.

செட்டியாருக்கும் அவசரம் இருந்தது. வருகிற திங்கட்கிழமை கப்பலில் அவருடைய அண்ணன் வருகிறார், முதல் தடவையாக. இன்சீனில் செட்டியார் புதிதாக எழுப்பியிருந்த வீட்டுக்கு ஜெட்டியிலிருந்து பத்து மைல். தம்பியின் காரைப் பற்றி ஊரில் பன்னிரண்டு வருஷமாகக் கடிதத்தில் படித்துக்கொண்டிருந்தவரை நடுவழியில் இறக்கி லஞ்சாவில் ஏற்ற முடியாது. வியாழக்கிழமை அப்பாசாமியைக் கூப்பிட்டு நிதானமாகப் பேசினார்.

"சனிக்கெழமை காலம்பற இன்சீன் போய்த் திரும்புவோம். பர்கத்துல்லாவும் வரட்டும். வண்டி கொதிக்காம வந்துச்சுன்னா சரி. கொதிச்சா கராஜுக்கே தள்ளிவிட்டுட்டுப் புது வண்டி எடுக்கப்போறேன். அதுக்கு அவுக ஆளே ஓட்டுவாக. ஒன்னைய நான் தெருவுல விடமாட்டேன் அப்பாசாமி. ஆறாம் நம்பர் குடோனுக்குக் காவக்காரன் வேணும்."

சரிங்க மொதலாளி என்று சொல்லிவிட்டு வந்தான். மச்சுக்கு ஏறாமல் கொட்டகையிலேயே உட்கார்ந்துவிட்டான். காரோடு மச்சும் போய்விடுவதைப் பற்றி அவன் கவலைப்படவில்லை. ரங்கூனில் இருக்க இடமா கிடைக்காது. குடோன் வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, தெரு வழியாக வேறொருவன் வேறொரு காரை ஓட்டிப் போவதைப் பார்க்க வேண்டியிருக்கும். எழுந்து நின்று சலாம்கூட வைக்க வேண்டியிருக்கும்.

அன்று முழுக்க என்ஜினைக் குடைந்தான். விசிறியை ஓட்டும் தோல் வார் தொய்ந்திருக்கிறதோ என்று அரை அங்குலம் வெட்டித் தைத்து மாட்டினான். ரப்பர்க் குழாய்கள் இரண்டையும் கழற்றிக் கண்ணருகே வைத்து வெளிச்சத்தில் பார்த்தான். உள்ளே உப்பவும் இல்லை, உரியவும் இல்லை. பொறி பிந்தி விழுந்தால் என்ஜின் சூடேறும். பொறி கொடுக்கிற மேக்னெட்டோவைத் திருத்தி வைத்தான். பெட்ரோல் மெலிந்து போனாலும் சூடேறும். கார்புரேட்டரை ஊதி மாட்டினான். சோடா உப்புக் கரைத்த வெந்நீரை ராடியேட்டரில் ஊற்றிவைத்து வடித்தான். வந்த தண்ணீரில் முகம் பார்க்கலாம். எல்லாம் சரி. என்ஜினைப் போட்டால் கால் மணியில் கொதித்தது.

வெள்ளிக்கிழமை பொழுது விடிந்ததும் மறுபடி போட்டுப் பார்த்தான். மறுபடி கொதித்தது. பவுனம்மாள் அன்று சாக்குத் தைக்கப் போகவில்லை. புளிச்சகீரையை ஙாப்பி என்கிற மீன் விழுது போட்டுக் கடைந்து, நேற்று ராத்திரியும் சாப்பிடாத மனுஷனை இழுத்துக்கொண்டு வந்து உட்கார வைத்துச் சோறு போட்டாள். பர்மாக்காரர்களின் ஙாப்பி வாடை முதல் வருஷம் அவளுக்குக் குடலைப் புரட்டியது. இப்போது அது இல்லாமல் கீரை இறங்காது. அவன் பிசைந்தானே ஒழிய வாய்க்குக் கொண்டு போகவில்லை. கையில் சூட்டுக் கொப்புளம்.

எதைத் தொட்டுச் சுட்டுக்கொண்டாய் என்று கேட்டாள்.

"தண்ணிப்பெட்டியோட அடியத் தொட்டுப் பார்த்தேன். தல சுடும், அது தெரிஞ்சதுதான். அடியும் அதே சூடு சுடுது."

அப்படியென்றால் என்ன என்று கேட்டாள். அவனுக்கு விளக்கிச் சொல்லப் பிடிக்கும். அந்தத் துக்கத்திலும் பிடித்தது. அந்தக் காரில் தண்ணீரைத் தள்ளப் பம்பு கிடையாது. என்ஜினில் சூடான தண்ணீர் தானாக ஏறி ராடியேட்டரின் தலைக்கு வரும். அங்கிருந்து அந்த ஆயிரம் கண்களின் சுவருக்குள்ளே இறங்கும். கண்களின் வழியாகப் பின்னாலிருக்கும் விசிறி காற்றை இழுக்கும். காற்றுப் பட்டுத் தண்ணீர் ஆறி, அடிவழியாகத் திரும்ப என்ஜினுக்குப் போகும். மேலே சுட்டால் கீழே கை பொறுக்கிற சூடாக இருக்க வேண்டும்.

"தண்ணி வருது, எறங்குது, போவுது. ஆனா ஆற மாட்டேங்குது," என்றான். "எறங்குற தண்ணி ஏன் ஆறலன்னுதான் புடிபட மாட்டேங்குது."

பவுனம்மாள் அகப்பையைக் கீழே வைத்தாள்.

"ஆறலன்னா காத்துப் போவலன்னுதானே அர்த்தம்," என்றாள்.

விசிறி கிறுகிறுவென்று சுற்றுகிறது, வாரை நேற்றுத்தான் இழுத்துத் தைத்தேன், காற்று எப்படிப் போகாமலிருக்கும் என்று அவன் எரிந்து விழுந்தான். மில்லில் அவித்த நெல் ஆறவில்லையென்றால் அவித்தவனைக் கேட்க மாட்டார்கள், காற்றைத்தான் பார்ப்பார்கள் என்று அவள் சொன்னாள். மில்லிலே பெரிய விசிறி சுற்றும், சத்தம் காதைப் பிளக்கும், ஆனாலும் சல்லடைக் கண் அடைத்துக்கொண்டால் ஒரு பொட்டுக் காற்று வராது. சத்தத்தை நம்பி நின்ற மேஸ்திரிகள் எத்தனையோ பேரைத் தான் பார்த்திருப்பதாகவும் சொன்னாள்.

"நீங்க எல்லாரும் தண்ணியையே பாத்தீக. காத்த யாரு பாத்தா?"

பதினைந்து வருஷம் இந்தப் பேச்சையெல்லாம் இவள் எங்கே வைத்திருந்தாள் என்று அவனுக்குத் தோன்றியது. கையைக் கழுவிக்கொண்டு எழுந்தான். அவள் அடுப்புக்கு வைத்திருந்த உமிச் சாக்கில் ஒரு முறம் உமி அள்ளிக்கொண்டு பின்னாலேயே இறங்கினாள்.

என்ஜினைப் போடச் சொன்னாள். போட்டான். இன்னும் வேகமாகச் சுற்றவிடுங்கள் என்றாள், வேகம் கூட்டுகிற நெம்பை ஏற்றினான். கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. மில்லில் சல்லடை அடைத்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு அவர்கள் செய்கிற சோதனைதான்: ஒரு பிடி உமியைச் சல்லடைக்கு முன்னால் உதிர்த்துவிடுவார்கள். காற்று இழுக்கிற இடத்தில் உமி போய் ஒட்டிக்கொள்ளும். இழுக்காத இடத்தில் கீழே விழும். அவள் காரின் முன்னால் ஓரடி தள்ளி நின்றுகொண்டு, இடது மூலையிலிருந்து வலது மூலைவரை, மேலிருந்து கீழாக, கோலப்பொடி விடுகிற மாதிரி உமியை விட்டுக்கொண்டே வந்தாள்.

மேல் ஓரத்தில் உமி பறந்து போய் அப்பிக்கொண்டது. நடுவில் விட்ட உமி அப்படியே நேராகத் தரையில் விழுந்தது. இன்னொரு பிடி விட்டாள். அதுவும் விழுந்தது. கொஞ்சம் கீழே விட்டாள், ஒட்டியது. இன்னும் கீழே, விழுந்தது. முறம் காலியாகிறவரை விட்டுவிட்டு இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தாள்.

ராடியேட்டரின் முகத்தில் உமி ஒட்டாத மூன்று பட்டை குறுக்கே கிடந்தது. நடுவில் தாம்பாளம் அளவுக்கு ஒரு வட்டம்.

அப்பாசாமி அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். உடனே அவனுக்குப் புரியவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது. பட்டை வலது ஓரத்தில் லேசாக மேலே தூக்கியிருந்தது. இழுத்து முடிக்கும்போது அவள் கை எப்போதும் அப்படித்தான் தூக்கும். முறத்தைக் கீழே போட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் என்ஜினை நிறுத்தினான். கொட்டகை அமைதியானதும் அவள் அழுகிற சத்தம் கேட்டது.

விஷயம் இதுதான். முன்னெல்லாம் செட்டியார் கடையிலிருந்து வந்த சந்தனக் கட்டையில்தான் அரைத்துப் போடுவாள். ஆயுத பூஜையோடு அந்தக் கட்டை விரலளவுக்குத் தேய்ந்துவிட்டது. பக்கத்து வரிசையிலிருந்த மா தின் என்ற பர்மாக்காரி தன் தனாக்காக் கட்டை ஒன்றைக் கொடுத்தாள். பர்மியப் பெண்கள் கன்னத்தில் அரைத்துப் பூசிக்கொள்கிற அதே தனாக்கா. நிறமும் சந்தனம்தான், குளிர்ச்சியும் சந்தனம்தான், கோயிலில்கூட யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஒன்றே ஒன்றுதான் குறை. வண்டி வேகம் எடுத்ததும் காய்ந்து உதிர்ந்துவிடும். இன்சீன் போய்ச் சேரும்போது பட்டை பாதிகூட மிஞ்சாது. கார் அரைகுறை முகத்தோடு பெரிய மனிதர் வீட்டு வாசலில் நிற்பதாவது என்று, பவுனம்மாள் அரைக்கும்போது இரண்டு கரண்டி கெட்டிக் கஞ்சியைச் சேர்த்துக் குழைத்தாள். பட்டை அசையவில்லை. போய்த் திரும்பினாலும் அப்படியே இருந்தது. அந்தப் பெருமையை அவளே நாலு பேரிடம் சொல்லியிருக்கிறாள்.

ஆறு மாதம், வெள்ளிக்கு வெள்ளி. அப்பாசாமி குனிந்து ஒரு கண்ணுக்குள் துடைப்பத்து ஈர்க்கைச் செருகினான். கால் அங்குலம் போய் முட்டி நின்றது. குத்தித் திருகினான். கஞ்சிப் பசையோடு ரோட்டுப் புழுதியும் எண்ணெய்ப் பிசுக்கும் கலந்து இறுகிய ஒரு கட்டி, நகம் நீளத்துக்கு, வெளியே வந்து விழுந்தது. வெளிமுகம் பளபளவென்றிருந்தது, பின்னால் என்ஜின் இருட்டு. உள்ளே அடைத்திருப்பது எந்தக் கண்ணுக்குத் தெரியும்.

"மூதேவி நான்," என்றாள் பவுனம்மாள். "என் கையாலயே அது மூச்ச அடைச்சிட்டேனே."

அவனுக்கு அவளைத் திட்டத்தான் வாய் வந்தது. அந்தக் கட்டியை விரலில் உருட்டிக்கொண்டே நின்றவனுக்கு, சனிக்கிழமை தோறும் ஈரத் துணியைச் சுருட்டி அழுத்தி அழுத்தித் தேய்த்தது யார் என்பது நினைவுக்கு வந்தது. அவள் மேலே பூசியதை உள்ளே ஏற்றியது அவன் கைதான்.

"அழுவாத புள்ள," என்றான். "போய் அடுப்புல வெந்நி வையி. இருக்குற ஈர்க்கெல்லாம் கொண்டா."

ராடியேட்டரைக் கழற்றிக் கொட்டகை வாசலில் இரண்டு பலகைக்கு நடுவே நிறுத்தினார்கள். வெயில் ஏற ஏறத் தகரக் கூரை காந்தியது. பர்மாக்காரர்களின் தண்ணீர்த் திருவிழாவுக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. வானத்தில் ஒரு துண்டு மேகமில்லை. அவன் பின்பக்கமிருந்து வெந்நீரை ஊற்றுவான். அவள் முன்பக்கமிருந்து ஈர்க்கால் ஒவ்வொரு கண்ணாகக் குத்துவாள். தகடு மெல்லிசு, பலமாகக் குத்தினால் ஓட்டை விழும், மெல்லக் குத்தினால் கட்டி அசையாது. எவ்வளவு பலம் என்பதை அவள் கை பத்துக் கண் தாண்டுவதற்குள் படித்துக்கொண்டது. அவன் கை படிக்கவில்லை. ஒரு தகட்டை நெளித்துவிட்டான். அதற்குப் பிறகு ஈர்க்கு முழுவதும் அவளிடமே போய்விட்டது. பன்னிரண்டு வருஷத்தில் அந்தக் காரின் வேலை ஒன்றை அவன் இன்னொருவர் கையில் விட்டுவிட்டு வெந்நீர் சுமந்தது அன்றைக்குத்தான். மதியத்துக்குள் முதல் பட்டை திறந்தது. பொழுது சாயும்போது கடைசிக் கண்ணில் குத்திய ஈர்க்கு தடையில்லாமல் மறுபக்கம் நீட்டியது. அவள் விரல்கள் இரண்டு கிழிந்து ரத்தம் கசிந்து காய்ந்திருந்தன.

அவன் குனிந்து பார்த்தான். ஆயிரம் கண்ணிலும் ஆயிரம் பொட்டு வானம் தெரிந்தது. மாட்டி, தண்ணீர் ஊற்றி, என்ஜினைப் போட்டு அரைமணி நேரம் ஓடவிட்டான். அடியைத் தொட்டான். கை பொறுத்தது. அவள் கையையும் பிடித்து இழுத்து அங்கே வைத்தான்.

அந்தச் சந்தோஷம் ஒரு நாழிகைகூட நிற்கவில்லை. நாளைக்குக் கேட்டால் என்ன சொல்வது என்ற யோசனை வந்துவிட்டது. பெண்டாட்டி பூசின பட்டையால் கார் கொதித்தது என்று வெளியே தெரிந்தால் ஜெட்டியில் நிற்கிற டிரைவர்கள் ஆயுசுக்கும் விட மாட்டார்கள். செட்டியார் வேறு தெய்வ காரியத்தில் தனாக்காவா என்று கோபித்துக்கொள்வாரோ என்னவோ. ரோட்டுப் புழுதி அடைத்திருந்தது, கண்டுபிடித்து எடுத்துவிட்டேன் என்று சொல்லிவிடப் போவதாகவும், அவள் வாயைத் திறக்க வேண்டாம் என்றும் சொன்னான். எல்லாம் அவளுக்காகத்தான் என்றும் சேர்த்துக்கொண்டான்.

பவுனம்மாள் விரலுக்கு மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் பேசினாள்.

"செஞ்ச தப்பும் என்னுது. கண்டுபுடிச்சதும் என்னுது. ரெண்டையும் நீங்க எடுத்துக்கிட்டா எனக்கு என்னத்த மிச்சம் வைக்கிறீக?"

அவன் புளியை எடுத்துக்கொண்டு காரின் பித்தளையைத் தேய்க்கப் போனான்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குச் செட்டியார் பின்னால் ஏறினார். பர்கத்துல்லா பாய் முன்னால், அப்பாசாமிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மூடியிலேயே கண்ணாக இருந்தார். கார் இன்சீன் ரோட்டில் சீராக ஓடியது. மேட்டில் ஏறும்போது பாய் கழுத்தை நீட்டினார், ஆவி வரவில்லை. ரயில்வே ஒர்க்ஷாப்பைத் தாண்டி, புதுவீட்டு வாசலைத் தொட்டு, நிறுத்தாமல் அப்படியே திருப்பினான். வெயில் ஏறியதும் செட்டியார் வேண்டுமென்றே டிராம் ரோட்டு நெரிசலில் விடச் சொன்னார். சூலே பகோடாவுக்கு எதிரே, போன திங்கட்கிழமை நின்ற அதே இடத்தில், எருமை வண்டிகளுக்குப் பின்னால் கால் மணி நேரம் என்ஜினை அணைக்காமல் நின்றார்கள். ஒரு சொட்டுக்கூட வழியவில்லை. அப்பாசாமியின் முதுகு தானாக நிமிர்ந்தது.

கொட்டகைக்குத் திரும்பியதும் பாய் இறங்கி, ராடியேட்டரின் அடியைத் தடவிப் பார்த்தார். நான் சொன்னது தப்பு என்று செட்டியாரிடம் சொன்னார். அதைச் சொல்ல அவர் தயங்கவில்லை. என்ன கோளாறு, என்ன செய்தாய் என்று கேட்டார். புழுதி அடைத்துக் காற்றுப் போகவில்லை என்று அப்பாசாமி நேற்று ஒத்திகை பார்த்தபடியே சொன்னான்.

"புழுதியா?" என்றார் பாய். "ரங்கூன்ல ஓடுற எல்லா வண்டியும் இதே புழுதியத்தான் திங்கிது. சரி, இருக்கட்டும். காத்துப் போவலங்கிறத எப்படிக் கண்டே? அதச் சொல்லு. நான் ஒன்றரை நாளு பாத்தேன், எனக்குத் தோணல."

அவர் கேட்டதில் குத்தல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அப்பாசாமி வாயைத் திறந்தான். நான்தான் உமியை விட்டுப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டியது ஒரு வரி. பவுனம்மாள் மச்சுப்படியின் அடியில், கைகளை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். முகத்தில் கோபமும் இல்லை, வேண்டுதலும் இல்லை. மில் வாசலில் அரிசி தரம் பார்க்கிறவள் மாதிரி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பவுனு, இங்க வா," என்றான்.

அவள் நாலடி முன்னால் வந்தாள்.

"மொதலாளி, பட்டை போட்டது இவ. தனாக்காவுல கஞ்சி கலந்து போட்டா, உதிரக் கூடாதுன்னு. அதத் தொடைக்கிறேன்னு துணிய வச்சு உள்ள தள்ளினது நான். அதுல அடைச்சுக்கிச்சு. கண்டுபுடிச்சது இவ. உமிய விட்டுப் பார்த்தா, மில்லுல பாக்குற மாதிரி. குத்தி எடுத்ததும் இவதான். நான் வெந்நி சொமந்தேன்."

செட்டியார் கொஞ்ச நேரம் ராடியேட்டரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒன் கைய நீட்டு ஆத்தா," என்றார்.

அவள் நீட்டினாள். மஞ்சள் துணி சுற்றிய விரல்களைப் பார்த்துவிட்டு அவர் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. பட்டை போடுவதை விட்டுவிடாதே, கஞ்சியை மட்டும் விட்டுவிடு, மேலே பித்தளைத் தலையில் போடு, சாமிக்கு அது போதும் என்றார். பிறகு அப்பாசாமியின் பக்கம் திரும்பி, திங்கட்கிழமை ஆறு மணிக்கு ஜெட்டியில் வண்டி நிற்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். பாய்தான் நகரவில்லை. அந்த உமிச் சோதனையை எனக்கு ஒருதரம் செய்து காட்டம்மா, என்று கேட்டார். அவள் ஒரு முறம் அள்ளி வந்து செய்து காட்டினாள். நெம்பை எவ்வளவு ஏற்ற வேண்டும், எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று அவர் ஒவ்வொன்றாகக் கேட்க, அவள் கூச்சமில்லாமல் சொல்லிக்கொண்டு போனாள். அப்பாசாமி ஒதுங்கி நின்று பார்த்தான். இந்தத் தடவை தன்னையும் யாராவது பார்க்கிறார்களா என்று அவன் பார்க்கவில்லை.

நல்ல சேதிக்குக் கால் முளைக்க நாளாகும். கேலிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். திங்கட்கிழமை காலையில் கப்பலை எதிர்பார்த்து ஜெட்டியில் ஏழெட்டுக் கார்கள் வரிசையாக நின்றன. அப்பாசாமி தன் காரைக் கொண்டுவந்து கடைசியில் நிறுத்தினான். பித்தளைத் தலையில் சிறியதாக ஒரு பட்டையும் பொட்டும் இருந்தன. டிரைவர்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள். சாதிக் பாட்சா என்ற டிரைவர், புது வண்டிக்காரன், அவனிடம் வந்து குனிந்து ராடியேட்டரைப் பார்ப்பது போலப் பாவனை செய்தான்.

"என்னண்ணே, ஒங்க வீட்டுல காருக்குக் கஞ்சி ஊத்தித்தான் வளக்குறாங்களாமே?"

எல்லாரும் சிரித்தார்கள். அப்பாசாமி எதற்குப் பயந்து இரண்டு நாள் முன்னால் பொய் சொல்லத் துணிந்தானோ அது நேரே வந்து நின்றது. ஆச்சரியம் என்னவென்றால், அவனுக்கு உள்ளே எதுவும் குறுகவில்லை. கோட்டின் பொத்தானை மேல்வரை போட்டுக்கொண்டு, ஒதுங்காமல் காருக்கு நேர் முன்னால் நின்றான்.

"ஆமா," என்றான். "கராஜே கைய விட்ட வண்டி. அவதான் சரி பண்ணினா. நாளைக்கு ஒன் வண்டி கொதிச்சா எங்க வீட்டுக்கு வா. வந்து என்னைய கேக்காத, எனக்குத் தெரியாது. அவளைக் கேளு. மரியாதையாக் கேளு."